இந்தப் பக்கம் மேலே

லிப்டை மோட்டார்தான் தூக்குகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டாருக்குப் பாதி வேலைதான். கூண்டைக் கட்டியிருக்கும் இரும்புக் கயிறு உச்சியில் ஒரு சக்கரத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. அந்த முனையில் கனமான இரும்புப் பாளங்கள் தொங்குகின்றன. கூண்டு மேலே போகும்போது பாளங்கள் கீழே இறங்கும்; அவை இறங்குவதால்தான் இது சுலபமாக ஏறுகிறது. எல்லாம் சுவருக்குப் பின்னால் நடப்பதால், லிப்டில் போகிறவர்கள் யாரும் அந்தப் பாளங்களைப் பார்த்ததில்லை.

திருப்பூரில் ஒரு நான்கு மாடி பனியன் கம்பெனியில் இப்படி ஒரு லிப்ட் இருந்தது. முனீஸ் அதன் ஆப்பரேட்டர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன். மடிப்புக் கதவை இழுத்துச் சாத்துவதும் பொத்தானை அழுத்துவதும் அவன் வேலை. அவனே லிப்டில் போகத் தகுதி உள்ளவனா என்று ஒருமுறை கேள்வி எழுந்தது. ஜெனரல் மேனேஜர் மகுடேஸ்வரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு லிப்டுல போறதில்லீங்க. அவரே லிப்டுதானுங்க" என்று முடித்துவைத்தார்.

தகுதி என்ற சொல் அங்கே எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லிப்ட் முதலில் அட்டைப்பெட்டிகளுக்காக வாங்கப்பட்டது. மனிதர்கள் எல்லோரும் படியேறினார்கள். கம்பெனியைத் தொடங்கிய பொங்கியண்ணனும் ஏறினார். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு முழங்கால் வலித்தது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு மேலே போனார். அதில் தப்பொன்றும் இல்லை. மறுநாள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கணக்கர் கூடப் போனார். பை லிப்டிலும் கணக்கர் படியிலுமாகப் போக முடியாதல்லவா? கணக்கர் போவதைப் பார்த்த மேனேஜர், தான் படியில் போனால் கணக்கருக்குக் கீழே என்று ஆகிவிடுமே என்று ஏறிக்கொண்டார். மேனேஜரோடு பேசிக்கொண்டு வந்த சூப்பர்வைசர்கள் பேச்சை நடுவில் விட முடியாமல் ஏறினார்கள். கூண்டு நிறைந்துவிட்டது. 'தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை வந்தது. அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள், உலகம் தோன்றிய நாளிலிருந்தே லிப்ட் அப்படித்தான் என்று நம்பினார்கள். யாரும் உட்கார்ந்து தீர்மானம் போடவில்லை. எல்லாம் ஒரு முழங்காலிலிருந்து வந்தது.

பலகைக்கு உதவியாகக் கயிறு வந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் கயிறு. ஆபீஸ்காரர்களுக்கு நீலம், சூப்பர்வைசர்களுக்குப் பச்சை, டெய்லர்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் மஞ்சள், காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பழுப்பு. நீலத்துக்கும் பச்சைக்கும் முனீஸ் கதவு திறப்பான். துணிக் கட்டுகள் டிராலியில் வந்தால் திறப்பான். மஞ்சளும் பழுப்பும் படியில் போகும். துணி லிப்டில் போகும், அதைத் தைத்தவள் படியில் போவாள். அவனுக்கு இதில் குழப்பம் இருந்ததே இல்லை.

அவன் மனைவி அனுசுயா நான்காவது மாடியில் செக்கிங்கில் இருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. வயிற்றில் ஆறு மாதம். போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இந்தத் தடவை நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படியேறி இறங்கினால் ரத்தப்போக்கு வரலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலையை விடவும் வழியில்லை. பேறுகால விடுப்பு கிடைக்க இன்னும் சில வாரங்கள் வேலைக்கு வந்தாக வேண்டும். கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். செக்கிங் துணிக்கு மேல்மாடி வெளிச்சம் வேண்டும் என்று பதில் வந்தது.

"மாமா, இன்னைக்கு ரெண்டாவது மாடி திருப்பத்துல கண்ணு இருட்டிருச்சு" என்றாள் அனுசுயா, மத்தியானச் சாப்பாட்டில்.

"ஒக்காந்து ஒக்காந்து ஏற வேண்டியதுதான?"

"ஒக்காந்துதான் ஏறுனேன். சூப்பர்வைசர் லிப்டுல வந்து மேல நின்னுக்கிட்டு, லேட்டுன்னு எழுதுறாரு. அவர ஏத்திக்கிட்டு வந்ததே நீங்கதான்."

முனீஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

இந்தச் சமயத்தில் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் பார்வையிட வந்தார். கழுத்துகளைப் பார்த்தார். ஏன் நாலு நிறம் என்று கேட்டார். பெருமையாக விளக்கினார்கள். அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போயிற்று. ஊருக்குப் போய், ஆளுக்கொரு நிறம் இருந்தால் ஆர்டர் இருக்காது என்று எழுதிவிட்டார்.

ஒரே வாரத்தில் கம்பெனியில் சமத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு ஒரு தலைவி, இரண்டு துணைத் தலைவர்கள், நான்கு உதவியாளர்கள். தலைவிக்குச் சுழல் நாற்காலி, துணைத் தலைவர்களுக்குச் சாதா நாற்காலி, உதவியாளர்கள் நின்றுகொள்வார்கள். தலைவியாகப் பொங்கியண்ணனின் மகள் வயிற்றுப் பேத்தி தரணி வந்தாள். வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவள். நல்ல பெண், யாரையும் கடிந்து பேச மாட்டாள்.

எல்லோருக்கும் வெள்ளைக் கயிறு கொடுக்கப்பட்ட நாளில் முற்றத்தில் கூட்டம் கூட்டிப் பேசினாள்.

"இன்னிக்கிருந்து நம்ம கம்பெனில மேல கீழங்கறதே கிடையாதுங்க. எல்லாரும் ஒண்ணுதானுங்க. ஆனா ஒண்ணு. சமத்துவத்துக்கு ஒரேயடியாப் போக முடியாதுங்க. எல்லாம் படிப்படியாத்தானுங்க வரும்."

கைதட்டினார்கள். முனீஸ் தன் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். கயிறு ஒன்று என்றால் கதவும் ஒன்றுதானே? கூட்டம் கலையும்போது பக்கத்தில் போய் நின்றான்.

"மேடம், அப்ப லிப்டு?"

"லிப்டு ரூல் மாறலீங்களே. தகுதி உள்ளவங்களுக்கு மட்டும்தான்."

"தகுதி உள்ளவுக யாருன்னு எப்புடி மேடம் தெரியும்? எல்லாம் வெள்ளையா இருக்கே."

தரணி அன்பாகச் சிரித்தாள். "அதுதானுங்க சமத்துவத்தோட அழகே. பார்த்தாத் தெரியக் கூடாது."

"தெரியாம நான் எப்புடி மேடம் கதவத் தொறக்க?"

பதிலை மகுடேஸ்வரன் சொன்னார். "அது உங்க பொறுப்புங்க. கூண்டுல கேமரா இருக்குது, நான் பார்த்துட்டுத்தான் இருப்பேன். தகுதி இல்லாத ஒருத்தரு ஏறுனாங்கன்னா, நீங்க மறுநாள் வர வேண்டியதில்லீங்க. தகுதி இருக்கற ஒருத்தர ஏத்தாம விட்டாலும் வர வேண்டியதில்லீங்க."

அவ்வளவு மரியாதையாக ஒருவனை மிரட்ட முடியும் என்பதை முனீஸ் திருப்பூருக்கு வந்துதான் தெரிந்துகொண்டான்.

மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தான். மேலே கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆபீஸில் பாதிப் பேர் புதியவர்கள். அப்போது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. காதை நம்புவது. அவன் ஊரில் 'ங்க' என்பது கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குச் சொல்வது. ஆகவே யார் 'வாங்க' என்று சொல்லப்படுகிறாரோ அவர் தகுதி உள்ளவர். யார் 'வாங்க' என்று சொல்கிறாரோ அவர் இல்லாதவர். எளிய கணக்கு. இந்தக் கணக்கில் ஒரே ஒரு ஓட்டைதான். கொங்கு நாட்டில் மேய்கிற ஆட்டைக்கூட 'அக்கட்டால போங்க' என்றுதான் விரட்டுவார்கள்.

காலையில் டேப் கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் வந்தார். மாடியிலிருந்து மகுடேஸ்வரன் எட்டிப் பார்த்து, "வாங்க, வாங்க, மேல கொண்டாந்து வெச்சுப்போட்டுப் போங்க" என்றார். இரண்டு 'வாங்க', ஒரு 'போங்க'. முனீஸ் எழுந்து நின்று கதவைத் திறந்தான். சுமையை வாங்கித் தானே வைத்துக்கொண்டான். ஸ்டூலையும் கொடுத்தான். அந்த மனிதர் வாழ்நாளில் முதல் தடவையாக லிப்டில் உட்கார்ந்து போனார்.

கீழே திரும்பியபோது கதவருகே ஒரு முதியவர் நின்றிருந்தார். நாலு முழ வேட்டி, தோளில் துண்டு, ரப்பர் செருப்பு. கழுத்தில் கயிறே இல்லை.

"ஏனுங் தம்பி, மேல போறீங்களா?" என்று கேட்டார்.

லிப்டுக்கே 'ங்க' போடுகிறவர் எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்று முனீஸ் கணக்கிட்டான். "படியில போங்க பெரியவரே. இது தகுதி உள்ளவுகளுக்கு மட்டும்."

"ஓ, அப்படிங்களா? செரிங்" என்று முதியவர் படிப்பக்கம் நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் மகுடேஸ்வரன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஐயா வந்தாருங்களே, எங்கீங்க? கார் வாசல்ல நிக்குது. பெரிய ஐயா, பொங்கியண்ணன்!"

முனீஸ் அவரைப் படத்தில்தான் பார்த்திருந்தான். கோட்டு போட்ட படம். ஐயா குண்டடத்துத் தோட்டத்திலேயே இருப்பவர், எப்போதாவது வருவார் என்று சொல்லியிருந்தார்கள். வேட்டியில் வருவார் என்று சொல்லவில்லை. லிப்டை அப்படியே விட்டுவிட்டுப் படியில் பாய்ந்தான். மகுடேஸ்வரனும் பின்னால் ஓடினார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பேச்சுக் குரல் கேட்டது. பொங்கியண்ணன் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு படி மேலே, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அனுசுயா உட்கார்ந்திருந்தாள்.

"வாயும் வயிறுமா இருக்கற புள்ள, ஏங் கண்ணு படியில ஏர்ற? லிப்டு இருக்குதல்லொ?"

"அது எங்களுக்கில்ல தாத்தா. முதலாளிமாருக்கு."

"என்னையவே ஏத்தலியே கண்ணு."

"அப்ப நீங்களும் எங்கள மாதிரிதான் போல."

பொங்கியண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உற்சாகமாகப் பேசினார். "அந்தக் காலத்துல நாங்க அத்தன பேரும் படிதான் ஏறுனோம் சாமி. கட்டிங் மேசைக்கு அடியிலயே படுத்துத் தூங்கி எந்திரிச்சு ஏறுனோம். அதுனாலதான் முன்னுக்கு வந்தோம். ஏறு கண்ணு. ஏற ஏறத்தான் நல்லா வருவ."

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. மகுடேஸ்வரனும் முனீஸும் இரண்டு கைகளைப் பிடித்து அவரை இரண்டாவது மாடி லிப்ட் வாசலுக்கு நடத்திப் போனார்கள். அனுசுயா மீதிப் படிகளில் ஏற ஆரம்பித்தாள்.

அன்று பிற்பகலே சமத்துவக் குழு கூடியது. குற்றவாளியாக முனீஸ் கதவோரம் நின்றான். பொங்கியண்ணன் அவனைப் பார்த்து, "பயப்படாதீங் தம்பி, கால் வலி போயிருமுங்" என்றார். அதைக் கேட்டு அவனுக்கு இன்னும் பயமாயிற்று.

"தப்பு இவரு மேல மட்டும் இல்லீங்க" என்றாள் தரணி. "சமமா இருக்கறவங்கள்ல யாரு மேலன்னு கண்டுபிடிக்க ஒரு சிஸ்டம் வேணுமுங்க. ஆனா துணி வாங்கற பையர் கண்ணுக்குத் தெரியக் கூடாது."

மகுடேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் சாயப்பட்டறையில இருந்து மேல வந்தவனுங்க. வெள்ளையில எத்தன வெள்ளை இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆபீசுக்குப் பளீர் வெள்ளை. சூப்பர்வைசருக்குப் பால் வெள்ளை. டெய்லர், செக்கிங்குக்கு ஹாஃப் ஒயிட். காண்ட்ராக்ட்டுக்கு வெளுக்காத துணி நெறம். வெளிநாட்டுக்காரங்க கண்ணுக்கு எல்லாம் ஒயிட்டுங்க. நம்மூர்ல பொறந்து ஷேடு பாத்த கண்ணுக்கு நாலும் நாலுங்க."

அறையில் ஒரு நிம்மதி பரவியது. நான்கு உதவியாளர்களும் நின்றபடியே கைதட்டினார்கள்.

முனீஸுக்கு உள்ளே ஏதோ இறங்கியது. வெள்ளைக் கயிறு வந்தபோது பிறந்த நம்பிக்கை அதுதான். காலையில் படியில் பார்த்த அனுசுயாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவளுடைய உதடும் வெளுக்காத துணியின் நிறத்தில் இருந்தது.

"சார், ஒரு வார்த்த" என்றான். "எம் பொண்டாட்டி நாலாவது மாடி. ஆறு மாசம். படியேறுனா பிள்ளை தங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. அவள மட்டும் லிப்டுல ஏத்திக்கிடட்டுமா?"

எல்லோரும் வருத்தப்பட்டார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். மகுடேஸ்வரன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "லிப்டுல போறதுக்கு ரெண்டே வகைதானுங்க. ஒண்ணு தகுதி, ஒண்ணு சரக்கு. உங்க சம்சாரம் ஹாஃப் ஒயிட்டு. தகுதியில வர மாட்டாங்க."

"அப்ப சரக்குல வருவாளா சார்?"

கோபத்தில்தான் கேட்டான். கேட்ட மறுநொடி வேலை போயிற்று என்று நினைத்தான்.

"எக்ஸலண்ட்!" என்றாள் தரணி.

நாற்காலியைச் சுழற்றி எழுந்து நின்றே விட்டாள். "யோசிச்சுப் பாருங்க. ஒரு பண்டல் பனியனுக்கு நாம எவ்வளவு அக்கறை காட்டறோம்? நனையக் கூடாது. மிதிபடக் கூடாது. கசங்கக் கூடாது. அந்த அக்கறையை ஒரு தொழிலாளிக்கும் காட்டப் போறோமுங்க. இந்த ஊர்லயே நாமதான் ஃபர்ஸ்ட்."

"ஏங் கண்ணு, பொம்பளையப் பொட்டியாட்டம்…" என்று இழுத்தார் பொங்கியண்ணன்.

"இது வெல்ஃபேருங்க அப்புச்சி."

"ஓ, வெல்ஃபேரா? அப்ப செரி."

கர்ப்பிணிகள் சரக்கு டிராலியில் உட்கார்ந்து லிப்டில் போகலாம் என்று முடிவாயிற்று. மார்பில் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ஏற்றுமதிப் பெட்டிகளில் அம்புக்குறியோடு ஆங்கிலத்தில் ஒட்டுவதைத் தாய்மொழிப் பற்றின் காரணமாகத் தமிழில் அச்சிட்டார்கள். மேல் வரியில் 'இந்தப் பக்கம்'. கீழ் வரியில் 'மேலே'. மாடிக்கு ஒரு ஸ்டிக்கர்தான். எல்லோருக்கும் கொடுத்தால் அதற்கு மதிப்பு இருக்காது என்று தரணி விளக்கினாள்.

"நான் என்ன பொட்டியா?" என்று அனுசுயா வீட்டில் கத்தினாள். ஸ்டிக்கரைக் கசக்கப் போனாள். முனீஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவள் ஸ்டிக்கரை மடியில் வைத்து விரலால் நீவினாள்.

மறுநாள் காலை டிராலியில் துணிக் கட்டுகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு மேலே போனாள். கேமராவின் சிவப்புப் புள்ளி அவளைப் பார்த்தது. முனீஸ் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் மாடி. இரண்டாவது மாடி. கண் இருட்டவில்லை. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது அனுசுயா நிமிர்ந்தாள்.

"அலுங்காமப் போகுது மாமா" என்றாள்.

இரண்டு வாரத்தில் அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. வேறு சிலவும் நடந்தன. செக்கிங் பெண்கள் முதலில் "சரக்கு வந்துருச்சு டோய்" என்று கேலி செய்தார்கள். பிறகு கேலி குறைந்தது. லிப்டில் வருகிறவள் என்பதால் ஃபேனுக்குப் பக்கத்து மேசையைச் சூப்பர்வைசர் அவளுக்குக் கொடுத்தார். கூட லிப்டில் வரும்போது அவரே ஒரு நாள், "சாப்டீங்களா?" என்று கேட்டார். அனுசுயா ஸ்டிக்கருக்குக் கண்ணாடித்தாள் உறை போட்டு, சேலையில் ஊக்கு குத்திக்கொண்டாள். டிராலியில் யாரோ டீக் கிளாஸை வைத்தபோது, "இது ஆள் ஒக்கார்ற எடம்" என்று எடுக்கச் சொன்னாள். முனீஸுக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான்காவது மாடியில் இன்னொரு கர்ப்பிணி இருந்தாள். சஞ்சுலதா. ஒடிசாக்காரி. காண்ட்ராக்டில் வந்தவள், நூல் வெட்டுகிற வேலை. அனுசுயாவைவிட ஒரு மாதம் கூட. நான்காவது மாடி ஸ்டிக்கர் ஏற்கெனவே போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும், அவள் காண்ட்ராக்டரின் ஆள் என்பதால் கம்பெனியின் சரக்கு ஆக மாட்டாள் என்று மகுடேஸ்வரன் விளக்கியிருந்தார். அவள் கயிறு வெளுக்காத துணியின் நிறம். முனீஸ் இப்போது ஷேடு பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் வேலை விட்டு, மற்றவர்கள் எல்லாம் இறங்கிப் போயிருந்தார்கள். அனுசுயா டிராலியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முனீஸ் கதவை இழுக்கும்போது ஒரு கை கம்பியைப் பிடித்தது. சஞ்சுலதா. நெற்றியெல்லாம் வியர்வை. இன்னொரு கை அடிவயிற்றில்.

"அண்ணா… நீச்சே. கீளே."

முனீஸ் மேலே பார்த்தான். சிவப்புப் புள்ளி.

"ஸ்டிக்கர்?" என்றான்.

அது தன் வாயிலிருந்து வந்தது என்பதை உணர அவனுக்கு ஒரு கணம் ஆயிற்று. சஞ்சுலதாவுக்கு அந்தச் சொல் மட்டும் புரிந்தது. கம்பியை விட்டுவிட்டாள். அனுசுயா துணிக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடியது. லிப்ட் இறங்கியது.

கீழ்த்தளத்தில் கதவைத் திறந்த பிறகும் இரண்டு பேரும் அசையவில்லை. படிக்கட்டுச் சுவருக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி. நின்றது. இன்னொரு படி. மெல்ல மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. காத்திருந்தார்கள். மறுபடி கேட்கவில்லை.

"ரெண்டாவது மாடி திருப்பம்" என்றாள் அனுசுயா. முகம் வெளுத்துவிட்டது. "மேல போங்க மாமா. போங்கங்கறேன்ல!"

"கேமரா அனுசு."

"போங்க!"

இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. திருப்பத்தில், அனுசுயா வழக்கமாக உட்காரும் அதே இடத்தில், சஞ்சுலதா சுவரில் சாய்ந்து கிடந்தாள். கண் சொருகியிருந்தது. அனுசுயா டிராலியிலிருந்து இறங்கிப் போய் அவள் தோளைத் தாங்கினாள். முனீஸ் ஒரு பக்கம் பிடித்தான். லிப்ட் வாசலில் அவனுடைய கால் நின்றது. ஸ்டிக்கர் இல்லாமல் எப்படி ஏற்றுவது? அனுசுயா ஊக்கைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, ஸ்டிக்கரைக் குறுக்கே கிழித்தாள். ஒரு துண்டைச் சஞ்சுலதாவின் மார்பில் ஒட்டினாள். இன்னொன்றைத் தன் மார்பில் அறைந்து ஒட்டிக்கொண்டாள்.

"இப்ப ரெண்டும் சரக்குதான். இறக்குங்க" என்றாள். கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

முனீஸுக்கு அவளைப் பற்றி அவ்வளவு பெருமையாக எப்போதும் இருந்ததில்லை. கீழே வந்ததும் தண்ணீர் தெளித்தார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மயக்கம்தான், குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இனிப் படியேறக் கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

இரவெல்லாம், தனக்கு வேலை போய்விட்டது என்றுதான் முனீஸ் நினைத்திருந்தான். போகவில்லை. சமத்துவக் குழு அவசரமாகக் கூடி, கேமராப் படத்தைப் பார்த்து, நெகிழ்ந்துபோயிற்று.

"பாத்தீங்களா, தொழிலாளர்களே ஒரு புது சிஸ்டத்த உருவாக்கிட்டாங்க" என்று தரணி ஒலிபெருக்கியில் சொன்னாள். அவள் குரலில் உண்மையான கண்ணீர் இருந்தது. "நாம அத மதிக்கணும். அதனால ரெண்டு துண்டும் செல்லுமுங்க. என்ன எழுதியிருக்குதோ அந்தப்படியே செல்லும்."

தொடர்ந்து மகுடேஸ்வரன் விதியைப் படித்தார். 'மேலே' என்ற துண்டு உள்ளவர் மேலே போகலாம். மேலே போனவர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் இறங்கவும் செய்யலாம். 'இந்தப் பக்கம்' என்ற துண்டு உள்ளவர் இந்தப் பக்கம் இருக்கலாம். அதாவது கதவுக்கு இந்தப் பக்கம், வெளியே. அவர் நின்றுகொண்டு பார்க்க வேண்டாம் என்பதற்காக நிர்வாகச் செலவில் ஒரு ஸ்டூல் போடப்படும்.

சஞ்சுலதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வேலைக்குத் திரும்பிய அன்று காலை, ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே சிரித்த முகத்தோடு லிப்ட் வாசலுக்கு வந்தாள். முனீஸ் ஸ்டூலைக் காட்டினான். உபசாரம் என்று நினைத்து உட்கார்ந்தாள். அனுசுயா டிராலியில் ஏறினாள். சஞ்சுலதாவும் எழுந்தாள். முனீஸ் கையை நீட்டித் தடுத்தான்.

அப்போதுதான் மனைவியின் மார்பைப் பார்த்தான். 'மேலே'. கிழிக்கிற அவசரத்தில் எது கையில் வந்ததோ அது என்றுதான் அனுசுயா இன்றுவரை சொல்கிறாள்.

"அனுசு," என்றான் மெதுவாக, உதடு அசையாமல், கேமராவுக்குத் தெரியாமல். "அந்தத் துண்ட இன்னைக்கு அவகிட்டக் குடேன். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திக்கிடுங்க."

அனுசுயாவின் கை வயிற்றுக்குப் போனது. அங்கிருந்து ஸ்டிக்கருக்கு வந்தது. வெளியே சஞ்சுலதா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஆபீஸிலிருந்து யாரோ பொறுமையில்லாமல் மணியை அழுத்தினார்கள்.

"நஞ்சு கீழ இருக்கு மாமா, எனக்கு" என்றாள் அனுசுயா.

"அவளுக்கு?"

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, யாருடைய குரலோ போன்ற ஒரு குரலில், இதமாகச் சொன்னாள்:

"எல்லாம் படிப்படியாத்தான் மாமா வரும்."

முனீஸ் கதவை இழுத்துச் சாத்தினான். லிப்ட் அலுங்காமல் ஏறியது. படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி. நின்றது. இன்னொரு படி.